பாதிப் பீப்பாயும் ஜக்கூஸி குடும்பமும்

2023 பிப்ரவரியில் ஒரு நாள் காலை, கலிபோர்னியாவில் இருக்கும் என் மகள் வாட்ஸப்பில் மூன்று படங்கள் அனுப்பினாள். மூன்றும் தொட்டிகள். ஒன்று வெள்ளை நிறத்தில், உள்ளே சோபா மாதிரி இருக்கைகள் வைத்தது. இன்னொன்று மரத்தில் செய்த வட்டத் தொட்டி. மூன்றாவது, குழந்தைகள் விளையாடும் காற்றடைத்த தொட்டியைப் பெரிதாக்கினாற்போல் இருந்தது. "கொல்லைப்பக்கம் வைக்க வெந்நீர்த் தொட்டி ஒண்ணு வாங்கப் போறோம்பா. எது நல்லதுன்னு நீங்களும் பாருங்க" என்று குரல் பதிவு.

பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்தவனிடம் மூன்று கொட்டேஷனை நீட்டினால் என்ன செய்வான்? முதலில் தேவை என்ன என்று கேட்பான். நானும் கேட்டேன். "வீட்டுக்குள்ளேயே வெந்நீர்க் குழாய் இருக்கும்போது கொல்லையில் எதற்கு? ஆடம்பரம். அந்தப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கு வை" என்று எழுதி அனுப்பினேன். அவள் பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து என் மனைவிதான் மெதுவாகச் சொன்னாள். மகளுக்கு மூட்டுவாதமாம், ருமட்டாய்டு வகை. இரண்டு வருஷமாக இருக்கிறது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அப்பா உடனே அத்தையை நினைச்சுக்குவார்" என்றாளாம்.

நினைத்துத்தான் கொண்டேன்.

என் அக்கா என்னைவிட நாலு வயது பெரியவள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் இந்த நோய் வந்தது, 1957ல். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16ல்தான் என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். இடைப்பட்ட அந்த எட்டு வருஷமும் ஒரு விசித்திரமான காலம். நான் பள்ளியில் பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்தேன், அப்பா மேரியில் பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தார், தெருவில் காங்கிரஸ் கொடி பறந்துகொண்டிருந்தது. அக்காவைப் பார்த்த டாக்டர், இதைத் தீர்க்க மருந்து கிடையாது, ஆஸ்பிரின் கொடுங்கள், தினமும் வெந்நீரில் உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

உட்கார வைக்க எங்கள் வீட்டில் தொட்டி ஏது? குழந்தைகளைக் குளிப்பாட்டக் காலில் போட்டுக்கொள்வார்கள், பெரியவர்கள் கிணற்றடியில் சொம்பால் ஊற்றிக்கொள்வார்கள். நம் பழக்கத்தில் தண்ணீருக்குள் இறங்குவது என்றால் ஆறும் குளமும்தான். அப்பா இரண்டு நாள் அலைந்து, கடற்கரைப் பக்கத்துக் கிடங்கு ஒன்றிலிருந்து பழைய ஒயின் பீப்பாய் ஒன்றைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பொர்தோவிலிருந்து வரும் ஓக் மரப் பீப்பாய். பிரெஞ்சில் பாரிக் என்பார்கள், 225 லிட்டர் பிடிக்கும். தச்சரைக் கூப்பிட்டு நடுவில் அறுக்கச் சொன்னார். ஒரு பாதி அக்காவுக்கு. மறுபாதியில் அம்மா வாழைக்கன்று வைத்தாள்.

முதல் நாள் அது ஒழுகித் தொலைத்தது. பலகைக்குப் பலகை தண்ணீர் பீறிட்டது. அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தச்சர் சிரித்தார். மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, இரண்டு நாள் தண்ணீரிலேயே கிடக்கட்டும், ஊறி உப்பி ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்ளும் என்றார். அப்படியே ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தத் தொட்டியை ஒரு நாளும் காயவிட்டதில்லை. உபயோகிக்காத நேரத்திலும் இரண்டு வாளி தண்ணீர் கிடக்கும்.

காலை ஐந்து மணிக்கு அம்மா செப்புத் தவலையில் நொச்சியிலை போட்டுக் கொதிக்க வைப்பாள். அடுப்படியிலிருந்து கொல்லைக்கு வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போவது எட்டு வயதுப் பையனான என் வேலை. ஆறு வாளி. அம்மா முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பாள். அக்கா முழங்காலை மடக்கி அதற்குள் உட்காருவாள். கால் மணி நேரத்தில் தண்ணீர் ஆறிவிடும். ஆறினால் மறுபடி ஒரு வாளி. ஒரு நாள் மார்கழிக் குளிரில் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மா தனியாகத் தூக்கியிருக்கிறாள். பாதியில் வழுக்கி, கொதிநீர் அவள் காலில் கொட்டிவிட்டது. புறங்காலில் அந்தத் தழும்பு அவள் கண்மூடும்வரை இருந்தது. அக்காவுக்கு நோய் தீரவில்லை. பள்ளிக்கூடம் நின்றது, கல்யாணம் நடக்கவில்லை. 1998ல் போய்விட்டாள். வளைந்த விரல்களோடு கடைசிவரை எம்பிராய்டரி போட்டாள்.

இவ்வளவும் மனதில் ஓடிய பிறகு, மகளுக்கு இன்னொரு செய்தி அனுப்பினேன். "மூன்று கொட்டேஷனின் முழு விவரமும் அனுப்பு. நாங்கள் மே மாதம் வருகிறோம்."

*

வெந்நீரில் உட்கார்ந்து நோய் தீர்த்துக்கொள்வதை நான் முதலில் படித்தது பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில். மதாம் தெ செவிஞே மகளுக்கு எழுதிய கடிதங்களை எங்களுக்கு வைத்திருந்தார்கள். அந்த அம்மாளுக்குக் கைகளில் வாதம். பேனா பிடிக்க முடியாமல் போயிற்று. 1676ல் விஷிக்குப் போனார். அங்கே பூமியிலிருந்து தானாக வரும் சூடான தாது நீரைக் குடிக்கச் சொல்வார்கள், உடம்பின் மேல் பீய்ச்சியும் அடிப்பார்கள். அந்தப் பீச்சலை எவ்வளவு கஷ்டப்பட்டுத் தாங்கிக்கொண்டார் என்பதை மகளுக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். பள்ளியில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, சொற்பொருள் எழுதுவதிலேயே உயிர் போயிற்று. எழுபது வயதுக்கு மேல், மகளுக்கே கையில் வாதம் என்று தெரிந்த பிறகு திரும்பப் படித்தபோதுதான், வலியை மறைத்துக்கொண்டு வேடிக்கையாக எழுதுகிறார் என்பது உறைத்தது.

பிரெஞ்சு வாத்தியார்கள் தவறாமல் காட்டும் இன்னொரு தொட்டியும் உண்டு. மாராவின் தொட்டி. புரட்சிக் காலத்துப் பத்திரிகைக்காரரான மாராவுக்குத் தாங்க முடியாத தோல் நோய். நாளெல்லாம் மருந்துத் தண்ணீரில் உட்கார்ந்து, குறுக்கே ஒரு பலகை போட்டு எழுதிக்கொண்டிருப்பார். 1793 ஜூலை 13ஆம் தேதி ஷார்லோத் கொர்தே என்ற பெண் அவரைப் பார்க்க வந்து, அந்தத் தொட்டியிலேயே கத்தியால் குத்திக் கொன்றாள். தாவித் வரைந்த ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். சம்பவத்தின் அரசியலை வாத்தியார் ஒரு மணி நேரம் விளக்கினார். பெஞ்சில் இருந்த நான் நினைத்ததெல்லாம், இந்தாளுக்கு யார் வாளி தூக்கினார்கள் என்பதுதான்.

வெந்நீர்ச் சிகிச்சையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருக்கும் நம்பிக்கை இன்றும் குறையவில்லை. டாக்டர் சீட்டு இருந்தால் அங்கே அரசாங்கக் காப்பீடே செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். பதினெட்டு நாள் சிகிச்சை, ஞாயிறு விடுமுறையோடு சேர்த்து மூன்று வாரம். தென்மேற்கில் தாக்ஸ் என்ற ஊர் வாதக்காரர்களுக்கென்றே பேர்போனது. ரோமானியப் படைவீரன் ஒருவன், வாதத்தில் முடங்கிய தன் நாயை அங்கே விட்டுவிட்டுப் போனானாம், திரும்பி வந்து பார்த்தால் ஆற்றுச் சேற்றில் புரண்டு அது குணமாகி நின்றதாம். என்னோடு படித்துப் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன நண்பன் ஒருவன் அந்த ஊருக்கு மூன்று முறை போய் வந்தான். "நாய்க்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் வலி தெரியாது" என்றான்.

இந்தக் குளியல் நிலையங்களுக்கு இன்று உலகமே சொல்லும் 'ஸ்பா' என்ற பெயர், பெல்ஜியத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். ரஷ்யாவின் மகா பீட்டர் மன்னர் 1717ல் அங்கே தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். இதெல்லாம் பூமியே சூடாக்கியோ மருந்தாக்கியோ கொடுக்கும் தண்ணீர். அது கிடைக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். கொல்லைக்கு அது வருவதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. இரண்டும் ஒரே ஊர்ப்பக்கம், கலிபோர்னியாவில்.

*

மகள் வீட்டிலிருந்து பெர்க்லி நகரம் காரில் அரை மணி. அங்கேதான் ஜக்கூஸி குடும்பம் தொழில் நடத்தியிருக்கிறது. ஜக்கூஸி என்பதை அதுவரை நான் ஒரு பொருளின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன், நம் ஊர் ஓட்டல் விளம்பரங்களில் வருவதுபோல. அது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃப்ரியூலி பகுதி, கசார்சா என்ற ஊர். ஜொவான்னி, தெரேசா தம்பதிக்குப் பதின்மூன்று பிள்ளைகள், ஏழு ஆண், ஆறு பெண். ஒருவர் பின் ஒருவராக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். இத்தாலிய உச்சரிப்பு யாக்குட்ஸி. அமெரிக்காவில் ஜக்கூஸி ஆகிவிட்டது.

இவர்கள் ஆரம்பத்தில் செய்தது தொட்டியும் அல்ல, பம்பும் அல்ல. ஆகாய விமானம். மூத்தவர் ரக்கேலே அதிகம் படிக்காதவர், ஆனால் கைவினையில் மேதை. முதல் உலகப்போர்க் காலத்தில் விமானங்களுக்கு மர விசிறி செய்து கொடுத்தார்கள். பிறகு, பயணிகள் வெயில் மழை படாமல் மூடிய அறைக்குள் உட்காரும் ஒற்றைச் சிறகு விமானம் கட்டினார்கள். 1921ல் அது விழுந்தது. சகோதரர்களில் ஒருவரான ஜொகொந்தோ இறந்தார், கூட இருந்தவர்களும் இறந்தார்கள். இனி எவனும் விமானம் பக்கம் போகக்கூடாது என்று தாயார் சொல்லிவிட்டார். தொழிலையே விட்டார்கள். ஆறு வளர்ந்த ஆண்பிள்ளைகள், கண்டுபிடிப்பாளர்கள், ஒரு தாயின் சொல்லுக்கு விமானத்தைக் கைவிட்டார்கள் என்பதை என் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னாள்.

அப்புறம் இறங்கிய தொழில் விவசாயக் கிணற்றுப் பம்பு. 1926ல் ரக்கேலே ஒரு ஜெட் பம்பு உருவாக்கினார். நம் வீடுகளில் போர்வெல்லுக்கு ஜெட் பம்பு போட்டவர்களுக்கு விஷயம் எளிதில் புரியும். மேலே இருக்கும் பம்பு, ஏற்றிய தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்புகிறது. அது குறுகலான மூக்கு வழியாக வேகமாகப் பாயும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள தண்ணீர் இழுக்கப்பட்டு மேலே வருகிறது. ஆழத்தில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. முத்தியால்பேட்டையில் நான் வீடு கட்டியபோது போட்ட பம்பும் இதே தத்துவம்தான். அதோடு பதினைந்து வருஷம் மல்லுக்கட்டியவன் நான், அதன் வம்சாவளியைக் கடல் தாண்டிப் போய்த் தெரிந்துகொண்டேன்.

சகோதரர்களில் கடைசி காந்திதோ. அவருடைய மகன் கென் 1941ல் பிறந்தான். குழந்தைப் பருவத்திலேயே ஒரு தொற்றுக் காய்ச்சலைத் தொடர்ந்து அவனுக்கு மூட்டுவாதம் வந்தது. அக்காவுக்கு வந்த அதே நோய், இன்னும் சின்ன வயதில். பெர்க்லி ஆஸ்பத்திரியில் அவனைப் பெரிய உலோகத் தொட்டியில் இறக்கி, தண்ணீரைச் சுழலவிட்டுச் சிகிச்சை கொடுத்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் தண்ணீர்ச் சிகிச்சைக்கு மதிப்பு அதிகம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போலியோவில் கால் விழுந்து, ஜார்ஜியாவில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்றுக்கு 1924 முதல் போய்வந்து, 1926ல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கினார். 1945ல் இறந்ததும் அங்கேதான்.

ஆஸ்பத்திரித் தொட்டியில் இருக்கும் நேரம் பிள்ளைக்கு வலி குறைகிறது. வீட்டுக்கு வந்தால் திரும்பி வந்துவிடுகிறது. தினமும் கூட்டிக்கொண்டு போக முடியாது. பம்புத் தொழில் செய்யும் தகப்பன் இதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? 1940களின் இறுதியில் காந்திதோ ஒரு சிறிய பம்பைச் செய்தார். வீட்டுச் சாதாரணக் குளியல் தொட்டிக்குள் அப்படியே இறக்கி வைக்கலாம். கிணற்றுப் பம்பின் அதே மூக்குத் தத்துவம், ஆனால் இங்கே அது காற்றையும் சேர்த்து இழுத்து, தண்ணீரோடு கலந்து உடம்பின் மேல் பீய்ச்சும்.

என் அப்பா மேரியில் குமாஸ்தா. அவரால் முடிந்தது பாதிப் பீப்பாய். காந்திதோவால் முடிந்தது பம்பு. ஏறக்குறைய ஒரே காலம். நூலகத்தில் இதைப் படித்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

1950களின் நடுவில் கம்பெனி அந்தப் பம்பை ஜே-300 என்று பெயரிட்டு விற்க ஆரம்பித்தது. வாங்கியவர்கள் நோயாளிகள், விற்ற இடம் மருந்துக் கடைகள். ஆடம்பரம் பின்னால் வந்தது. குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்கூஸி 1968ல், பம்பைத் தனியாக இறக்குவதற்குப் பதிலாகத் தொட்டியின் சுவரிலேயே மூக்குகளைப் பதித்தார். அதற்கு ரோமன் என்று பெயர் வைத்தார், ரோமாபுரிக் குளியல் மண்டபங்களை நினைத்து. பிறகு நாலைந்து பேர் உட்காரும் பெரிய தொட்டிகள், சூடேற்றி, வடிகட்டி எல்லாம் சேர்த்து. மருந்துக் கடைச் சரக்கு சினிமாக்காரர் வீட்டுச் சரக்காயிற்று. பெரிய குடும்பங்களில் நடப்பதுபோல் இங்கும் பங்குத் தகராறு, வழக்கு. 1979ல் கம்பெனி வெளியார் கைக்குப் போய்விட்டது. கென் வாழ்நாள் முழுவதும் நோயோடுதான் இருந்தார். படித்தார், மணம் செய்துகொண்டார், தன் குடும்பக் கதையைப் புத்தகமாக எழுதினார், எழுபதைத் தாண்டி வாழ்ந்தார். என் அக்காவுக்கு ஐம்பத்து மூன்று.

*

இரண்டாவது வழி பீப்பாய் வழி. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1960களில் கலிபோர்னியாவின் கடலோர ஊர்களில் ஹிப்பி இளைஞர்களும் கலைஞர்களும், பழைய திராட்சை ஒயின் தொட்டிகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் மலிவாக வாங்கி, கொல்லையில் வைத்து, வெந்நீர் நிரப்பிக் கூட்டமாக உட்கார ஆரம்பித்தார்கள். சாந்தா பார்பரா பக்கம் இது பெரிய மோகமாகி, 1970களில் செம்மரத் தொட்டி செய்து விற்பதே தனித் தொழிலாயிற்று. நம் செம்மரம் அல்ல, ரெட்வுட் என்கிற அவர்கள் ஊர் ராட்சத மரம். எங்கள் வீட்டில் இதை 1957லேயே செய்துவிட்டோம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்போ பேட்டன்ட் வாங்கியிருக்கலாமே மாமா" என்றார்.

ஆனால் அவர்களுக்கு முன்னோடி நாங்கள் அல்ல, ஜப்பானியர்கள். கழுத்தளவு வெந்நீரில் உட்காரும் ஒஃபுரோ என்ற மரத்தொட்டி அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. வெளியே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்ட பிறகுதான் உள்ளே இறங்குவார்கள். தண்ணீர் அழுக்கு போக்க அல்ல, சூட்டுக்கு. வீட்டில் எல்லோருக்கும் அதே தண்ணீர். அடியில் நெருப்பு மூட்டும் இரும்புக் கொப்பரைத் தொட்டி ஒன்றும் அவர்களிடம் உண்டு. கொயெமோன் தொட்டி என்று பெயர். 1594ல் கொப்பரையில் போட்டுக் கொல்லப்பட்ட ஒரு திருடனின் பெயர் அது. அடி சுடாமல் இருக்க ஒரு பலகையை மிதித்து அமிழ்த்திக்கொண்டு உட்கார வேண்டும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாகக் குளிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

*

இனி கொட்டேஷன் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில், நீளக் காகிதத்தில் கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். மாப்பிள்ளை அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கையால் எழுதினால்தான் தப்பு கண்ணில் படும்.

முதலில் கண்ணில் பட்டது எடை. மாப்பிள்ளை தொட்டியைக் கொல்லைப்பக்கத்து மரத் தளத்தின் மேல் வைக்கத் தீர்மானித்திருந்தார், சமையலறைக் கதவைத் திறந்தால் நாலே எட்டு என்று. பட்டியலில் தண்ணீர்க் கொள்ளளவு சுமார் 1,500 லிட்டர் என்றிருந்தது. அதாவது தண்ணீர் மட்டுமே ஒன்றரை டன். காலித் தொட்டி 350 கிலோ. நாலு பேர் உட்கார்ந்தால் இன்னொரு 300. நான் எஞ்சினியர் இல்லை, ஆனால் எஞ்சினியர்கள் கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட்டுகளை முப்பது வருஷம் நகல் எடுத்தவன். "இந்தத் தளம் இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் என்று யார் சொன்னது மாப்பிள்ளை?" என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. ஒரு ஒப்பந்தக்காரரை அழைத்தார். அவர் தளத்துக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மூன்றில் ஒரு தூண் உளுத்திருக்கிறது என்றார். தரையில் நாலு அங்குல கான்கிரீட் மேடை போடுவது என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து என் காகிதத்துக்கு வீட்டில் மரியாதை கூடியது.

மின்சாரம் அடுத்தது. பெரிய தொட்டிக்கு 240 வோல்ட் தனி இணைப்பு, கசிவு ஏற்பட்டால் கண நேரத்தில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம், நிறுத்தும் சுவிட்ச் கண்ணுக்குத் தெரியும்படியும் தொட்டியில் இருப்பவர் கைக்கு எட்டாமல் குறைந்தது 5 அடி தள்ளியும் இருக்க வேண்டும். நகராட்சி அனுமதியும் உண்டு. காற்றடைத்த தொட்டிக்கு இதெல்லாம் வேண்டாம், சாதாரணப் பிளக் போதும், விலையும் மிகக் குறைவு. எல்-1, அதாவது குறைந்த விலைக் கொட்டேஷன், அதுதான். ஆனால் உள்ளே சரியான இருக்கை கிடையாது, தரையோடு உட்கார வேண்டும். மூட்டுவாதக்காரி தரையிலிருந்து எழுந்திருப்பது எப்படி? எல்-1 தள்ளுபடி.

மிச்சம் மரத் தொட்டியும் வெள்ளைத் தொட்டியும். எனக்கு மனசு மரத்தின் மேல்தான். அதைச் செய்யும் பட்டறைக்கே போய்ப் பார்த்தோம். வளைந்த பலகைகள், சுற்றிலும் இரும்பு வளையம். முதலில் கொஞ்சம் ஒழுகும், இரண்டு நாளில் ஊறி அடைத்துக்கொள்ளும் என்று அந்த ஆள் சொன்னார். தச்சர் சொன்ன அதே வார்த்தை. என் கண் கலங்கியதை மகள் பார்த்துவிட்டாள். "இதையே வாங்கிடலாம்பா" என்றாள்.

பட்டியலை முடிக்காமல் ஆர்டர் போடக்கூடாது என்பது என் கொள்கை. அன்றிரவு இன்னொரு வரலாற்றைப் படித்தேன். 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி. அங்கே விற்பனைக்காக ஒரு சுழல்நீர்த் தொட்டியை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். யாரும் அதில் குளிக்கவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்து போனார்கள், அவ்வளவுதான். தொட்டித் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளர்ந்திருந்தது. குமிழி வெடிக்கும்போது கிளம்பிய நுண்துளிகளைச் சுவாசித்தவர்களுக்கு நிமோனியா. குறைந்தது 30 பேர் இறந்தார்கள். இந்தக் கிருமிக்குப் பிடித்த சூடு 20 முதல் 45 டிகிரி வரை, அதாவது நாம் சுகம் என்று சொல்லும் அதே சூடு. குளோரினோ புரோமினோ சரியான அளவில் எப்போதும் இருந்தால் பயமில்லை. அளவு குறைந்தால் ஆபத்து.

மகள் சாப்பிடும் மாத்திரை, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரை. மற்றவர்களுக்குச் சளியாகப் போவது அவளுக்கு ஆஸ்பத்திரியாகலாம். மரத்தின் இடுக்குகளில் பாசி ஒட்டும், மருந்தை மரமே உறிஞ்சிக்கொள்ளும், தேய்த்துக் கழுவ நல்ல கை வேண்டும். அவளுக்கு இல்லாதது அதுதான். வழுவழுப்பான அக்ரிலிக் தொட்டியைத் துடைப்பது எளிது. காலையில் காபியோடு அவளிடம் சொன்னேன், மரம் வேண்டாம் என்று. "உங்களுக்குப் பிடிச்சிருந்ததேப்பா" என்றாள். எனக்குப் பிடித்தது அக்காவின் தொட்டி, உனக்கு வேண்டியது வேறு என்றேன். பிறகு அத்தையைப் பற்றி, அம்மா காலில் கொட்டிய வெந்நீர் உட்பட, எல்லாம் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை.

வெள்ளைத் தொட்டிக்கு ஆர்டர் போட்டோம். அறுபது மூக்கு வைத்த மாடலை விற்பனையாளர் மிகவும் வற்புறுத்தினார். குறைந்த மூக்கு, நிமிர்ந்த இருக்கை, பிடித்து ஏறக் கம்பி, ஒரு கையால் திறக்க உதவும் தூக்கியோடு கனமான மூடி, மூடிக்குப் பூட்டு என்று கேட்டு வாங்கினோம். பேரனுக்கு ஐந்து வயது, பூட்டில்லாத தொட்டி கிணறு மாதிரி. அமெரிக்காவில் 1979லேயே அரசாங்கப் பாதுகாப்புக் கமிஷன் இந்தத் தொட்டிகளின் சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று எச்சரித்திருக்கிறது. மகளுடைய டாக்டர் 38 போதும், பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார். எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் நான் காலை மட்டும் நனைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு.

செப்டம்பரில் தொட்டி வந்தது. நிரப்பிச் சூடேற ஒரு நாள் ஆயிற்று. என் மனைவி ஊரிலிருந்து மஞ்சள் பையில் காய்ந்த நொச்சியிலை கொண்டுவந்திருந்தாள். கொஞ்சம் போடலாமா என்று கேட்டதும் மாப்பிள்ளை பதறிவிட்டார், வடிகட்டி அடைத்துக்கொள்ளுமாம். அவள் அதை அடுப்பில் கொதிக்க வைத்து, ஆவி பிடித்துத் தன் பங்கை முடித்துக்கொண்டாள்.

காட்டியில் 38 என்று எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் முழங்கையை விட்டுப் பார்த்தேன். மகள் கம்பியைப் பிடித்து இறங்கி உட்கார்ந்தாள். நான் படிக்கட்டில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிஷம் ஆனதும் எழுந்திரு என்றேன். "இன்னும் அஞ்சு நிமிஷம்பா" என்றாள். முடியாது என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் அறைக் கதவு தட்டும் சத்தம். காபி டம்ளரை அவளே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தட்டில் வைக்காமல், கையில்.